கண்ணாடிக்குள் ஒரு நந்தவனம்

சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்திற்கும் வெள்ளிக் கிண்ணமும் பட்டுப் புடவையும் கொடுத்து நமஸ்கரித்த காலம் போய், இப்பொழுது பேரன் பேத்தியர் கண்ணாடிக் குடுவைக்குள் அமைத்த குட்டித் தோட்டமொன்றைத் தாத்தா பாட்டிக்குப் பரிசாகக் கொண்டுவருகிறார்கள். உள்ளே பச்சைப் பாசி, அதன் நடுவே ஒரு கள்ளிச் செடி, பக்கத்தில் ஒரு பெரணி, விரல்நுனி அளவில் ஓர் ஓட்டு வீடு, வாசலில் ஒரு காளான் பொம்மை. பார்க்கும்போது கண்ணுக்கு விருந்துதான். ஒரு மாதம் சென்றபின் பார்த்தால், கள்ளியின் அடி அழுகிச் சாய்ந்திருக்கும். அல்லது பெரணி பொசுங்கிச் சருகாகியிருக்கும். "எனக்குக் கைராசி இல்லை" என்று பெரியவர்கள் தம்மையே நொந்துகொண்டு குடுவையைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்த வருத்தம் அடிக்கடி தலைகாட்டுகிறது. முற்றமும் கிணற்றடியும் கொண்ட வீட்டில் ஐம்பது ஆண்டுகள் செடி வளர்த்துவிட்டு, அடுக்குமாடியில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் எழுதும் கடிதங்கள் அவை. அவர்களுக்கு இது சிறிய வருத்தம் அன்று.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, அன்பர்களே. கள்ளி வறண்ட நிலத்துப் பிறவி. தண்டுக்குள் நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு வெயிலையும் காற்றையும் நம்பி வாழ்வது. பெரணியோ மலைச்சரிவின் நிழலிலும் கிணற்றுச் சுவரின் ஈரத்திலும் பிறந்தது. இவ்விரண்டையும் ஒரே குடுவையில் நட்டால், ஒன்றுக்கு ஏற்ற நீர் மற்றொன்றுக்கு நஞ்சாகும். எவ்வளவு பக்குவமான கையானாலும் இரண்டில் ஒன்று மடிந்தே தீரும். தவறு விற்றவர் சேர்த்த ஜோடியில் இருக்கிறது. வாங்கியவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் குடுவையைப் பாருங்கள். மூடியுள்ள குடுவை ஒரு வகை. வாய் திறந்த கிண்ணம் வேறு வகை. மூடிய குடுவைக்குள் நடப்பது கார்காலத்து வானம் நடத்தும் காரியமே. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக விடுகின்றன. ஆவி கண்ணாடியில் பட்டுத் துளியாகி மண்ணுக்கே திரும்புகிறது. இங்கிலாந்தில் ஒருவர் 1960-இல் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் படரும் செடியொன்றை நட்டு, 1972-இல் கடைசி முறையாக நீர் ஊற்றி மூடிவிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் அது ஒரு சொட்டு நீரும் பெறாமல் சாடி நிறையத் தழைத்திருந்தது.

இந்த முறை உலகுக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். 1829-இல் இலண்டன் மாநகரில் நத்தானியேல் பாக்‌ஷா வார்டு என்னும் மருத்துவர், அந்துப்பூச்சியின் கூடு ஒன்றை ஈர மண்ணில் பொதிந்து மூடிய புட்டிக்குள் வைத்திருந்தார். ஊரெங்கும் நிலக்கரிப் புகை. அவர் ஆசையாக வளர்த்த பெரணிகள் தோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்துகொண்டிருந்தன. புட்டிக்குள் மட்டும் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாகவே முளைத்து நின்றன. இதைக் கண்டு வியந்தவர், 1833-இல் கண்ணாடி பதித்த இரண்டு பெட்டிகளில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கில் கடலில் இருந்தும் அவை பசுமை மாறாமல் போய்ச் சேர்ந்தன. 1842-இல் இதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார்.

நம் நீலகிரிக்கும் இந்தப் பெட்டிக்கும் ஓர் உறவு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர 1860-இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் முயன்றபோது, செடிகள் வந்தது வார்டின் பெட்டிகளில்தான். முதலில் வந்தவை செங்கடல் வழியின் வெப்பத்தில் நொந்துபோய், ஊட்டிக்கு வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த செடிகளும், தொடர்ந்து வந்த விதைகளுமே தழைத்தன; தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. வறட்சியிலிருந்து காக்கும் கண்ணாடி, வெப்பத்திலிருந்து காக்காது. அதைப் பெருக்கவே செய்யும். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வெயில் நேராக விழும் சன்னலில் மூடிய குடுவையை வைத்தால், ஒரு பிற்பகலே போதும். உள்ளிருப்பவை வெந்த கீரையாகிவிடும். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. கிழக்குச் சன்னலில் மெல்லிய திரைக்குப் பின்னால், அல்லது வடக்குச் சன்னலருகே வைப்பது உத்தமம்.

இனி செடிகளுக்கு வருவோம். குட்டித் தோட்டத்தின் அழகு எல்லாம் இலையின் அளவில் இருக்கிறது. ஓர் அங்குல உயரப் பசுமாட்டுப் பொம்மையின் பக்கத்தில் மூன்று அங்குல இலையுள்ள செடியை நட்டால், பசு எறும்பாகத் தோன்றும். தோட்டம் என்ற மயக்கமே கலைந்துபோகும். சிற்றிலைச் செடியாக இருந்தால் அதே பசு மரநிழலில் நிற்கும். ஆகவே நர்சரிக்குப் போகும்போது பூவின் நிறத்தையும் செடியின் பெயரையும் கேட்பதற்கு முன், அது முழுதாய் வளர்ந்தபின் இலை எவ்வளவு பெரிதாகும் என்று கேளுங்கள். கடையில் இருக்கும் கன்றின் இலை நம்மை ஏமாற்றிவிடும்.

சிற்றிலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமென்றால், காசு கொடுத்து வாங்க வேண்டியிராத ஒரு செடிக்கே கொடுப்பேன். நர்சரித் தொட்டிகளின் ஓரத்திலும், ஈரம் காயாத தளத்தின் இடுக்கிலும் களையாக முளைத்துக் கிடக்குமே, சீரகம் அளவு இலைகள் நெருக்கமாக அடுக்கிய தளதளப்பான செடி, அதுதான். தாவர நூலார் அதைப் பைலியா மைக்ரோபில்லா என்பர். பூக்கும் பருவத்தில் மகரந்தத்தைச் சிறு புகைபோல் வெடித்துத் தூவுவதால் வெள்ளைக்காரர்கள் அதற்குப் பீரங்கிச் செடி என்று பெயர் வைத்தார்கள். ஒரு விரல் உயரக் கிளையை நட்டால் போதும். குடுவைக்குள் அது ஆலமரமாகவே காட்சி தரும். தோட்டக்காரர் பிடுங்கி எறிவதை ஒரு பிடி கேட்டு வாங்கி வரலாம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதனால் அதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் சிறிது வருத்தமே உண்டு.

அடுத்து, பிட்டோனியா. பெரு நாட்டுக் காட்டுத் தரையில் பிறந்தது. பச்சை இலையில் வெள்ளை நரம்போ சிவப்பு நரம்போ கோலமிட்டாற்போல் ஓடும். நர்சரிகளில் எளிதில் கிடைக்கும். மூடிய குடுவைக்கு இதைவிடப் பொருத்தமான செடி அரிது. நீர் குறைந்தால் மயக்கம் போட்டு விழுந்தவர்போல் சாய்ந்துவிடும். இரண்டு கரண்டி நீர் வார்த்தால் சில மணி நேரத்தில் எழுந்து உட்காரும். தாகத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் செடி, மறதி மிகுந்த வயதில் நமக்கு நல்ல துணை. சிற்றிலை வகையென்று கேட்டு வாங்க வேண்டும்.

பெப்பரோமியா என்று விற்கும் செடிகள் மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவுக்காரர்கள். அவற்றுள் ஒரு களைச்செடியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஈரச் சுவரடியில் கண்ணாடிபோன்ற தண்டும் இதய வடிவ இலையுமாக நிற்கும். கேரளத்துப் பிள்ளைகள் சிலேட்டுப் பலகை அழிக்க அதன் சாறுள்ள தண்டையே பயன்படுத்தினார்கள். நர்சரியில் கிடைக்கும் வகைகளில் குட்டையாய் வளர்பவை மூடிய குடுவைக்கும் திறந்த கிண்ணத்துக்கும் ஒத்துவரும். நீரை மட்டும் அளவோடு விடவேண்டும்.

பெரணியில் ஆசைப்பட்டுப் பெரியதை வாங்கிவிடக் கூடாது. கூடையில் தொங்கவிடும் வகை ஆறு மாதத்தில் குடுவையின் வாயை உடைத்துக்கொண்டு வருவதுபோல் வளரும். கிணற்றின் உட்சுவரில் கருந்தண்டும் மென்மையான இலையுமாகத் தொங்கும் சிறு பெரணியின் இளங்கன்று அழகாக இருக்கும். வறண்ட காற்றில் எளிதில் கருகும் அது, மூடிய குடுவையில் நிம்மதியாக இருக்கும்.

செலாஜினெல்லா என்று ஒரு குடும்பம் உண்டு. மலைத் தலங்களின் அடிவாரக் கடைகளில் உலர்ந்து பந்தாய்ச் சுருண்ட ஒன்றைச் சஞ்சீவி மூலிகை என்று விற்பார்கள். நீரில் இட்டால் விரியும். அது இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. விரிகிறது என்பதாலேயே அதற்கு உயிர் இருக்கிறது என்று எண்ணி வாங்கிவந்து குடுவையில் நட வேண்டாம். இறந்த சருகும் நீர் பட்டால் விரியக்கூடும். பாறையில் காய்ந்தும் நனைந்தும் வாழ்ந்த அதற்கு எப்போதும் ஈரமான குடுவை உகந்ததும் அன்று. அதன் நிழல்விரும்பி உறவினர்கள், பாசிபோலத் தரையில் படர்பவர்கள், நர்சரியில் கிடைப்பார்கள். குடுவைக்குள் மலைச்சரிவும் புல்வெளியும் வேண்டுமானால் அவர்களே வேண்டும்.

பாசியைப் பற்றி ஒரு சொல். மூட்டை மூட்டையாக மலைக்காடுகளிலிருந்து சுரண்டிக் கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தப் பாசிதான் காட்டில் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுக்கு விடுவது. அதை வாங்காதீர்கள். ஐப்பசி மழையில் நம் வீட்டு மதில்மேலேயே பட்டு விரித்தாற்போல் பாசி படியும். பழைய கத்தியால் உள்ளங்கை அகலத்துக்கு எடுத்தால் ஒரு குடுவைக்குத் தாராளம். வெயிலூரின் பாசியாதலால் நம் வீட்டுச் சூட்டையும் தாங்கும். பச்சைச் சாயம் தோய்த்த உலர்பாசி வேறு விற்கிறது. அது செத்தது, மண்ணையும் கறைப்படுத்தும்.

சுவரில் ஒட்டிப் படரும் குட்டி அத்தி, விரைவில் குடுவையை ஆக்கிரமித்துவிடும். மாதமொரு முறை கத்தரிக்கோல் பிடிக்கத் தயாரானவர்களுக்கு மட்டும் அது.

வாய் திறந்த கிண்ணத்துக்கு வேறு கூட்டம். ஹாவொர்த்தியா என்பது கற்றாழையின் குட்டித் தம்பி. வரிக்குதிரைபோல் வெண்கோடு போட்டது. வெயில் நேராகப் படாவிட்டாலும் வாழும் சதைப்பற்றுச் செடி என்பதால் வீட்டுக்குள் வைக்க அதுவே முதல் தேர்வு. பூவிதழ் அடுக்கினாற்போன்ற எச்செவேரியா, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். உதகையிலும் கொடைக்கானலிலும் செழிக்கும் அது, கடலோரப் புழுக்கத்தில் பெரும்பாலும் அழுகும். ஆசையிருந்தாலும் விட்டுவிடுவது மேல். கள்ளி வகைகளையும் இக்கிண்ணத்தில் சேர்க்கலாம். ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். பத்து பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை, மண் முற்றும் காய்ந்தபின், சில கரண்டி நீர் போதும். அடியில் துளையில்லாத கிண்ணம் என்பதை மறக்கவே கூடாது.

இனி, பலர் கேட்கும் கேள்வி. துளசியைக் கண்ணாடிக் குடுவையில் வைக்கலாமா? வேண்டாம். அது வெயிலும் காற்றும் ஆழமான மண்ணும் கேட்கும் செடி. மூடிய ஈரக்காற்றில் சில வாரங்களில் தண்டு கறுத்து மடியும். பூஜிக்கும் செடி கண்முன் அழுகுவதைப் பார்க்கும் மனத்துயர் நமக்கு எதற்கு? பால்கனியில் அரைநாள் வெயில் விழும் மூலையில் ஒரு மண்தொட்டியே துளசிக்குத் தகுந்த மாடம். மரிக்கொழுந்து, தவனம், திருநீற்றுப்பச்சை ஆகியவற்றுக்கும் இதே விடைதான்.

பேரக் குழந்தைகள் தவழும் வீட்டில் இன்னும் ஓர் எச்சரிக்கை. மணி பிளாண்ட், சிங்கோனியம், டைபன்பேக்கியா ஆகிய மூன்றும் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அவற்றின் சாற்றில் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள்ளன. குட்டிக் கன்றுகளாக இவற்றைக் குடுவைத் தோட்டங்களில் நட்டு விற்பதைப் பார்க்கிறேன். இலையும் சீக்கிரம் பெருத்துவிடும். இரண்டு காரணங்களாலும் தவிர்க்கலாம்.

அமைக்கும் முறை எளிது, சுருக்கமாகவே சொல்கிறேன். கை தாராளமாக நுழையும் வாயுள்ள குடுவையே வேண்டும். புட்டிக்குள் இடுக்கி விட்டு நடுவது கை நடுங்காத வயதினருக்கு. குடுவையை வைக்கப்போகும் இடத்தில் முதலில் வைத்துவிட்டுப் பிறகே நிரப்புங்கள். பத்து அங்குலக் குடுவை கல்லும் மண்ணும் சேர்ந்தால் நான்கைந்து கிலோவுக்கு வந்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆபத்து. அடியில் ஓர் அங்குலம் கூழாங்கல். அதன்மேல் கழுவி நொறுக்கிய அடுப்புக்கரி ஒரு பிடி. ஒரு துண்டு கொசுவலை. அதற்கும் மேல் தென்னைநார்க் கழிவும் மட்கிய இலையும் ஆற்றுமணலும் கலந்த கலவை இரண்டு மூன்று அங்குலம். சதைப்பற்றுச் செடிகளுக்கு மணல் பாதிக்குமேல் இருக்கட்டும். சாணி எரு போடுவது நம் கைப்பழக்கம். இங்கே அது கூடாது. மூடிய ஈரத்தில் பூஞ்சணமும் சிறு ஈக்களும் மண்டிவிடும். செடி மெதுவாக வளர வேண்டும் என்பதே இங்கு நம் விருப்பமும்கூட. மூடிய குடுவைக்கு முதலில் நாலைந்து மேசைக்கரண்டி நீர். காலையில் கண்ணாடியில் மெல்லிய பனி படர்ந்து நண்பகலுக்குள் கலைந்தால் அளவு சரி. நாள் முழுதும் துளி வழிந்தால் மூடியை ஒரு பகல் திறந்துவையுங்கள். பனியே காணாவிட்டால் இரண்டு கரண்டி சேருங்கள். உப்புநீர் கண்ணாடியில் வெண்திட்டு விடும்; மழைநீர் பிடித்துவைத்தால் நல்லது, இல்லையேல் ஆர்.ஓ. நீர்.

அபிஷேகத் தீர்த்தத்தை மரத்தடியில் ஊற்றும் வழக்கத்தால், பாலும் பஞ்சாமிர்தமும் கலந்த தீர்த்தத்தைக் குடுவையிலும் சிறிது விடுபவர்கள் உண்டு. பால் புளித்து வேரை அழுகச் செய்யும், நாற்றமும் எழும். தீர்த்தத்துக்குத் துளசித் தொட்டியோ மரத்தடியோதான் இடம்.

பூஜையறையில் வைக்கலாமா என்றால், பல வீடுகளில் அந்த அறைக்குச் சன்னலே இல்லை. விளக்கின் சூடும் கற்பூரக் கரியும் வேறு. இரண்டு குடுவைகளாக அமைத்து, ஒன்று சன்னலருகே இருக்கும் வாரம் மற்றொன்றை விளக்கிலிருந்து தள்ளி அறையில் வைத்து, வாரந்தோறும் மாற்றிக்கொள்வது ஒரு வழி. உள்ளே தெய்வத் திருவுருவத்தை வைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: தினமும் நீராட்டி மலரிட்டு வழிபட முடியாதபடி மூடிய இடத்தில் பூஜா மூர்த்தியை வைக்க வேண்டாம். பசு, கன்று, கிணறு, மண்டபம், தேர், யானை ஆகியவை இருக்கட்டும். காகிதக்கூழ் பொம்மை ஈரத்தில் ஊறிக் கரையும். சாயம் பூசிய களிமண் பொம்மை உரியும். மாக்கல், பித்தளை, மெருகிட்ட பீங்கான் இவை நிற்கும்.

கொலுவுக்குப் பூங்கா அமைத்த கைகள் உங்களுடையவை. இவ்வளவும் சொல்லித் தரவே தேவையில்லைதான். மஹாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்னதாகக் கேழ்வரகும் கடுகும் வெந்தயமும் தூவி, முளைத்த பச்சையில் தெப்பக்குளமும் ரயில் பாதையும் வைத்தது பெரும்பாலான வீடுகளில் நடந்ததே. இந்த ஆண்டு அதை அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து பார்க்கலாம். கேழ்வரகு புல்வெளிபோல் வரும். கடுகு இரட்டை இலையோடு சிறு புதராக நிற்கும். வெந்தயம் சற்று உயர்ந்து தோப்பாகும். மூன்றையும் கலக்காமல் தனித்தனிப் பாத்தியாக விதைத்தால் காட்சி தெளிவாகும். கண்ணாடியோரமாக விதைத்தவற்றின் வெண்வேர் இறங்குவதைக் குழந்தைகள் நாள்தோறும் பார்க்கலாம். விஜயதசமி கழிந்ததும் முளைகள் மஞ்சளித்துச் சாயத் தொடங்கும். நெருக்கத்தில் முளைத்தவற்றின் ஆயுள் அவ்வளவே. அவற்றை எடுத்துவிட்டு, அதே கிண்ணத்தில் புதிய மண்கலவை இட்டு, நிழலான இடமாக இருந்தால் பைலியாவும் பிட்டோனியாவும் நட்டு மேலே ஒரு கண்ணாடித் தட்டை மூடிவிடலாம். அப்போது மதிலிலும் மழைப்பாசி படிந்திருக்கும். பைலியா, பிட்டோனியா இரண்டுமே ஒடித்து நட்டால் வேர்விடுபவை. தை மாதம் நுனி கிள்ளும்போது எறிந்துவிடாமல், பேத்தியின் ஹார்லிக்ஸ் புட்டிக்கு இரண்டு துண்டு எடுத்து வையுங்கள்.